சோளத்துக்கடியில் பூத்த மல்லி

எனக்கு அப்போது ஆறேழு வயது. கம்பம் பக்கம் நெல் விளையும் ஊரில் இருந்த நாங்கள், பங்கு பிரித்ததில் அப்பாவுக்கு விழுந்த ஓடைப்பட்டித் தோட்டத்துக்குக் குடிவந்த முதல் வருஷம். தோட்டம் என்றுதான் பேர். கிணற்றில் குடிக்க மட்டும் தண்ணீர் இருந்தது. வானத்தை நம்பி அப்பா சோளம் விதைத்திருந்தார். விளைந்தால் வருஷம் முழுக்கக் கஞ்சி. இல்லையென்றால் அவர் ஏலமலைக்குக் கூலியாகப் போகவேண்டியதுதான். வீட்டில் எந்நேரமும் இதே பேச்சு.

சோளம் இடுப்புயரம் வந்தபோது, அடியில் வெள்ளை வெள்ளையாக ஒரு பூ பூத்தது. யாரும் விதைக்காத பூ. நெல்வயலைத் தவிர வேறெதையும் அறியாத அம்மா, கூப்பிடாமல் வந்திருப்பது லட்சுமி என்று சொல்லிவிட்டாள். அப்பா அம்மா பேச்சைத் தட்டாதவர். களை வெட்டும்போது அந்தச் செடிகளை மட்டும் விட்டுவிட்டு வெட்டினார். எங்கள் உபசாரத்தில் மகிழ்ந்து பூ தோட்டம் முழுக்கப் பரவியது. சோளம்தான், மழை பெய்தும் வாடி நின்றது.

அதே ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அப்பாவின் தங்கை, ஒருநாள் கதிர் பார்க்க வந்தாள். பூவைக் கண்டதும் ஒரு செடியைப் பிடுங்கினாள். சோளத்தின் வேரும் கூடவே வந்தது.

"மதினி, இது சுடுமல்லி. வேரைக் கவ்விச் சோளத்தைக் குடிச்சுப்புடும். இதுக்குப் போயி மல்லின்னு பேரு வச்சவன் வாயில மண்ணு."

"அவுக பாத்துப் பாத்துக் களை வெட்டுனாகளே" என்றாள் அம்மா.

அறுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பா கங்காணியோடு மலையேறினார். தை பிறந்ததும் கங்காணியின் ஆள் வந்து, மலைக்காய்ச்சல் கண்டு அப்பா போய்ச் சேர்ந்துட்டாக என்றான். இவ்வளவு நாள் கழித்தா மலைக்குப் போய்ச் சேர்ந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு அம்மா ஏன் தரையில் புரண்டு அழவேண்டும் என்று விளங்கவில்லை.

பிறகு அம்மா தலையில் பூவே வைக்கவில்லை. சுடுமல்லியால் வந்த பயம் என்று நானாக முடிவு செய்தேன். ஒரு சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலில் அடம்பிடித்து ஒரு முழம் மல்லிகை கேட்டேன். எனக்கென்று நினைத்து அத்தை வாங்கித் தந்தாள். வீட்டுக்கு வந்ததும் அதை அம்மாவிடம் நீட்டினேன்.

"பயப்படாதம்மா, இது நல்ல மல்லி."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா பூவை வாங்கி என் சடையில் வைத்துவிட்டாள். தனக்கென்று ஒரு பூக்கூடக் கிள்ளிக்கொள்ளவில்லை. இன்னும் பயம் தெளியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.