நான் விட்டுவைத்த மணத்தக்காளி

போன வருடம் கே.ஜி.கண்டிகை பக்கத்தில் இருக்கும் எங்கள் கத்தரித் தோட்டம், தண்ணீர் பாய்ச்சியும் உச்சிவெயிலில் துவண்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. நூற்புழு என்றார்கள். பயிரும் களையும் இல்லாமல் ஒரு போகம் நிலத்தை வெறுமனே போட்டால் புழு பட்டினியில் குறையும் என்றார்கள். பிடிவாதமாக அப்படியே போட்டேன்.

போகம் முடிந்து, மறுநாள் மறுபடி கத்தரி நடவு என்றிருந்தபோது, நூற்புழு எங்கெங்கே இருக்கிறது என்று கணக்கெடுக்கும் மாணவி ஒருத்தி வந்து மண் கேட்டாள்.

"எடுத்துக்கோமா, என் நெலம் இப்ப சுத்தம்" என்றேன்.

மண்ணை எடுத்தவள், அங்கங்கே நின்றிருந்த மணத்தக்காளியிலும் கை வைத்தாள்.

"இன்னாமா, அத்தப் போய் புடுங்கிகினு கீற? கொழம்புக்கு உட்டு வச்சிருக்கேன்!"

"களையிலயும் பாக்கணும்க்கா. இது கத்தரிக்குப் பங்காளிங்க."

வேரை உதறிக் காட்டினாள். அதே முடிச்சுகள்! களையெடுக்கும்போது எங்கள் பக்கம் யாரும் மணத்தக்காளியைத் தொடமாட்டோம். எங்களுக்கு அது கீரை. நிலத்தைப் பட்டினி போட்டதாக நினைத்துக்கொண்டு, புழுவுக்கு நானே பந்தி வைத்திருக்கிறேன்.

நடவை நிறுத்தினேன். அத்தனை செடியையும் வேரோடு எடுத்து எரித்தேன். இன்னொரு போகம் காத்திருந்துதான் நட்டேன்.

இப்போதும் களையெடுக்க வரும் சரோஜா, "ஒரு செடி தானக்கா, இருந்துட்டுப் போட்டும்" என்பாள்.

"ஆங், அந்த ஒண்ணு போதும்" என்று நானே குனிந்து பிடுங்கிவிடுகிறேன். குழம்புக்கு வேண்டுமென்றால் திருத்தணி மார்க்கெட்டில் கீரைக்கட்டு வாங்கிக்கொள்கிறேன்.