இரண்டு கட்டத்துக்கும் ஒரே பெயர்

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எரிந்த வீடுகளைத் திருப்பிக் கட்ட அரசாங்கம் உதவுமாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து பூரணத்துக்கு அகதி முகாமில் இருப்புக்கொள்ளவில்லை. விண்ணப்பம் கொடுக்கச் செங்கலடியிலிருந்த அரசாங்கக் கந்தோருக்கு மூன்று முறை நடந்தாள். ஒவ்வொரு முறையும் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டினாள். மூன்று முறையும் விண்ணப்பம் திரும்பி வந்தது. குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் கணவன் கதிர்காமத்தம்பியின் பெயரையும், வீட்டு உரிமையாளர் என்ற கட்டத்தில் தன் பெயரையும் அவள் எழுதியிருந்ததுதான் பிழையாம்.

“ரெண்டு கட்டத்திலயும் ஒரே பேர்தான் வேணும். புருசன்ட பேரப் போடுங்க, அம்மா. மேலிடத்து உத்தரவு,” என்றார் வெளியூர்க் கிளாக்கர்.

“அது எனக்குச் சீதனமா என்ட அம்மா தந்த வீடு, ஐயா. எங்கட ஊர் வழக்கப்படி அவர் கலியாணம் முடிச்சு என்ட வீட்டுக்கு வந்து இருக்கிறவர்.”

கிளாக்கர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாரிக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான்காம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கட்டத்திலும் கணவனின் பெயரையே எழுதிக் கொடுத்தாள்.

வீடு எழும்பியது. குடிபுகுந்த அன்று கதிர்காமத்தம்பி எப்போதும்போல் அவளுக்கு வழிவிட்டு வாசலில் ஒதுங்கி நின்றார். பூரணம் அசையவில்லை.

“நீங்க முன்னுக்குப் போங்க. அரசாங்கம் உங்களுக்குத்தான் சீதனம் தந்திருக்கு. இனி நான்தான் வந்து இருக்கிறவ.”