ஏழுமலையின் சத்தமில்லாத சைக்கிள்

அடையாற்றங்கரை நடைபாதையில் சைக்கிள் விடலாம், மோட்டார் வண்டி கூடாது என்று பலகை எழுதி மாட்டியவனே நான்தான். தொண்ணூறுகளில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர்.

கரையோரக் குடிசைப் பகுதியில் இருந்த ஏழுமலை, மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற மெக்கானிக். தன் சைக்கிளில் ஒரு சின்ன மோட்டாரையும் பேட்டரியையும் அவரே பொருத்தியிருந்தார்.

"கரை மேல மிதிச்சிக்கினுதான் போவேன் சார். ரோட்டுக்குப் போயிதான் மோட்டாரு போடுவேன்" என்று சங்கத்துக்கே வந்து சொன்னார்.

நான் நம்பவில்லை. அந்த வண்டி சத்தமே போடாது. என்னைக் கண்டால் மட்டும் மிதிக்கிறாரோ? கால் சும்மா சுற்றுகிறதோ? ஒரு வாரம் இதே நினைப்பு.

ஒரு நாள் காலை அவர் என்னைத் தாண்டிப் போனதும் பின்னாலேயே விரட்டிப் போய், பாதை முடிகிற இடத்தில் மறித்தேன்.

"மோட்டாரைத் தொட்டுப் பார்க்கணும்" என்றேன். ஓடியிருந்தால் சுடுமே!

"தாராளமா பாரு சார்." அவருக்கு மூச்சு வாங்கியது. சட்டை முழுக்க வியர்வை.

தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

அவர் கோபப்படவில்லை. மெதுவாக வந்து என் ஸ்கூட்டர் எஞ்சினருகே கை வைத்தவர், சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"உன்னுதுதான் சார் சுடுது."

அவரைப் பிடிக்கிற அவசரத்தில் நடைபாதை நெடுக ஸ்கூட்டரில் வந்திருந்தேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பினேன். வரும்போது ஒதுங்கி வழிவிட்டவர்கள் எதிரில் வந்தார்கள், வணக்கம் சொன்னார்கள். ஏழுமலையிடம் நான் கேட்டதை என்னிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே.