கேபினுக்குள் பதிந்த சத்தம்

அத்தானைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் முதுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். ரிப்பேர் கடையில் நாள் முழுக்க அடுத்தவன் வீட்டு ஆம்ப்ளிஃபயர் மேல் குனிந்திருப்பார். வீட்டுக்கு வந்தால் தன் அப்பாவைத் தூக்கி உட்காரவைக்கக் குனிவார். நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. என் அக்காவைக் கட்டிய அன்று நிமிர்ந்திருக்கலாம்.

அவர் அப்பா ஒற்றைப் பெட்டி டீசல் ரயில் ஓட்டியவர். இப்போது நினைவு தப்பிவிட்டது. மத்தியானம் ஆனால் போதும், டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று கட்டிலை விட்டு இறங்குவார், விழுவார். கடைசியாக விழுந்தபோது இடுப்பு முறியாமல் தப்பித்ததே பெரிய விஷயம்.

"இன்னொரு தடவை விழுந்தார்னா முதியோர் ஹோம்ல சேர்த்துடலாம். என்னால முடியல," என்று அக்கா சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அத்தான் பழைய சாமான் கடையில் ஒரு பொம்மை ரயில் வாங்கி வந்தார். பெரியவர் ஓட்டியது போலவே பெட்டிக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வகை. அதற்குச் சத்தம் கொடுத்துக் கட்டிலைச் சுற்றி ஓடவிட்டால், டியூட்டி நடக்கிறதென்று பெரியவர் படுத்திருப்பார். இதுதான் அத்தான் போட்ட கணக்கு.

"ஹோம்ல உங்களுக்கும் சேர்த்து ஒரு இடம் சொல்லி வைக்கவா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

எடைக்காக ரயிலின் அடியில் இருந்த இரும்புத் துண்டை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் தீப்பெட்டியில் பாதி அளவு ஸ்பீக்கரைத் திணித்தார். கூடவே சத்தம் பதிகிற சின்ன போர்டு. தண்டவாளத்தில் தூசி பட்டால் கரண்ட் விட்டுப்போய்ச் சத்தம் விக்கும், அதற்காகக் கொஞ்சம் கரண்டைத் தேக்கி வைக்க ஒரு கெப்பாசிட்டர். எல்லாம் வைத்தபின் மேல்மூடி மூடவில்லை. கழற்றினார். மூடியபோது ஒயர் மோட்டாரில் சிக்கியது. மறுபடி கழற்றினார். "எதுக்கு இதைப் பண்றேன்னு எனக்கே தெரியலடா," என்று ஒருமுறை சொன்னார். எனக்கும் தெரியவில்லை.

பெரியவர் ஓட்டிய அதே வகை வண்டி இன்னும் ஓடுகிறது. ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரத்தில் நின்று, போனில் சத்தத்தைப் பதிந்து வந்தார்.

மத்தியானம் ஓடவிட்டோம். ஹார்ன் அடித்தது, இன்ஜின் உறுமியது, பிறகு சத்தம் தேய்ந்துகொண்டே போனது. பெரியவர் முகம் வெளிறிவிட்டது. "வண்டி போயிடுச்சே. என்னை விட்டுட்டுப் போயிடுச்சே," என்று பாய்ந்து இறங்கப் பார்த்தார். நான் பிடித்திராவிட்டால் அன்றைக்கே ஹோம்தான். வெகுநேரம் அழுதார்.

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பிளாட்பாரத்துல நிக்கிறவனுக்குத்தானேடா வண்டி போகும். உள்ள இருந்து ஓட்டுறவருக்கு எங்க போகும்? இது கூட எனக்குத் தோணலியே."

அடுத்த லீவு நாளில் ஒரு டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கேபினுக்குள்ளேயே போனை வைத்துப் பதிந்து வந்தார். மறுபடி மூடியைக் கழற்றினார்.

இந்த முறை சத்தம் எங்கும் போகவில்லை. ஒரே சீரான இரைச்சல், நடுவில் ஏதோ தகரம் அதிரும் ஓசை. பெரியவரின் வலது கை போர்வைக்கு மேல் எதையோ பிடித்து மெல்ல முன்னால் தள்ளியது. தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அக்கா சோற்றை ஊட்ட, தண்டவாளத்திலிருந்து பார்வையை எடுக்காமலே வாயைத் திறந்தார். அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஹோம் பேச்சு அதோடு முடிந்தது.

அத்தான் கட்டில் ஓரத்தில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

பெரியவர் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருப்பா நீ? வண்டி ஓடும்போது வெளியாள் இங்க உட்காரக் கூடாது. இறங்கிக்கோ."

"நான்தாம்பா," என்றார் அத்தான். இன்ஜின் இரைச்சலில் அது பெரியவர் காதில் விழவில்லை. சத்தத்தை அணைக்க அத்தானின் கை ஸ்விட்ச் வரை போனது. வண்டி நின்றால் பெரியவர் இறங்கிவிடுவார். கையை எடுத்துக்கொண்டார்.

"சரிங்க சார்," என்று சொல்லிவிட்டு எழுந்து, கதவோரம் போய் நின்றார்.