பத்துப் பேர் என்று தைத்த கூடாரம்

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி பழைய கம்பெனியின் வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் எனக்கு வந்தது. நான் அங்கிருந்து விலகி ஒரு வருடம் ஆகிறது. குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை, நானும் வெளியேறவில்லை. தூத்துக்குடியில், வீட்டில், மாரடைப்பு என்று மேனேஜர் இரண்டு வரி எழுதி, கீழே ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு ரோஜாவும் போட்டிருந்தார். அதற்கடியில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. பத்து நிமிடம் கழித்து அதே மேனேஜர் அதே குழுவில் குளிர்காலத் தள்ளுபடி விளம்பரத்தை அனுப்பினார். அதற்கும் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். இங்கே வளைகுடாவில், அல் குசைஸில் ஒரு வீட்டில் திரைச்சீலை மாட்ட ஏணிமேல் நின்றுகொண்டு இதைப் பார்த்தேன். வருத்தம் வருவதற்கு முன்பு எனக்கு அருவருப்புதான் வந்தது.

வெள்ளிக்கிழமை ஷோரூமிலேயே அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். பழைய ஆட்களையும் கூப்பிட்டதால் போனேன். அக்காவின் படத்துக்கு மாலை போட்டு மேஜைமேல் வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால், கழற்றச் சோம்பல்பட்டு விட்டுவைத்த ‘பத்துப் பேர் குடும்பக் கூடாரம்’ பேனர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று மேனேஜர் பேசினார். “ஸ்டெல்லா மேடம் நம்ம ஃபேமிலி. கஸ்டமருக்கு எது சரியோ அதை மட்டும்தான் கொடுக்கணும்னு நமக்குக் காட்டினவங்க.” தலைகள் ஆடின. பஃப்ஸும் டீயும் வந்தன. என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு, அதே தொண்டையால் ஒரு பஃப்ஸைத் தின்றுவிட்டு வந்தேன். அங்கே சொல்லாததை, அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி கேன்வாஸ் கூடாரம் தைத்து விற்கும். குளிர்காலம் வந்தால் பாலைவனத்தில் குடும்பத்தோடு தங்கப் போகிற அரபு வீட்டாரும், வல்லூறுகளோடு வேட்டைக்குப் போகிறவர்களும் வாங்குவார்கள். நான்கு பக்கமும் செங்குத்தாகச் சுவர் எழும்பி, மேலே கூரை சரிகிற பெரிய கூடாரங்கள். ஷோரூமில் விற்பனை மேஜை ஸ்டெல்லா அக்காவுடையது. பின்பக்கம் தையல் கூடம் என்னுடையது. பத்து வருடம் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவுதான்.

அவர் விற்கிற விதம் மேனேஜருக்குப் பிடிக்காது. எத்தனைக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்கவே மாட்டார். ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துத் தரையில் கூடாரத்தின் அளவுக்குச் சதுரம் போடுவார். வந்த குடும்பத்தை அதற்குள் உட்காரச் சொல்வார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பார்: மெத்தை எங்கே வரும், பெட்டிகள் எங்கே, ஐஸ் பெட்டி எங்கே, குழந்தைக்கு உடை மாற்ற எங்கே போவீர்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து சதுரத்துக்குள் வைப்பார். கடைசியில் வீட்டுக்காரர் எழுந்து வெளியே வந்து நின்றுவிடுவார். “உங்களுக்கே எடமில்ல பாத்தீயளா” என்று தமிழில் சொல்லிவிட்டு, அரபும் ஹிந்தியும் கலந்து அதை மறுபடி சொல்வார். எங்களிடம் அவர் அடிக்கடி சொன்னது இது: “படுத்துக் கெடக்கவங்கள எண்ணாதீய. எந்திரிச்சி நின்னு சட்டை மாத்துறவங்கள எண்ணுங்க. படுத்தே கெடக்க அது என்ன பொணவறையா?”

இந்தக் கணக்கு அவருக்கு எப்படி வந்தது என்பதையும் அவரே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சர்ச் ஆட்களோடு உம் அல் குவைன் பக்கம் மணலில் தங்கப் போயிருக்கிறார். எங்கள் கம்பெனிக் கூடாரம்தான். ஆறு பேர் இருக்க வேண்டியதில் பதினான்கு பேர் புகுந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே இருந்தார். “சீ. ஒருத்தர் விட்ட மூச்ச ஒருத்தர் குடிச்சிக்கிட்டுக் கெடந்தோம் முருகேசா. விடியும்போது கூரையிலேருந்து மூஞ்சியில சொட்டுச் சொட்டா விழுது. பனின்னு நெனச்சேன். பனியில்ல, எங்க எல்லாரு மூச்சும் தண்ணியாகி விழுது. ஒரு சொட்டு வாய்க்குள்ளயே விழுந்திட்டு.” நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. “சீ” என்பது அவர் வாயில் எந்நேரமும் இருந்த சொல். அழுக்குத் துணிக்கும் அதுதான், பொய்க்கும் அதுதான்.

வேட்டைக்காரர்களிடமும் அவர் பயப்பட்டதில்லை. ஒருமுறை அல் ஐனிலிருந்து நான்கு சகோதரர்கள் வந்தார்கள். இருப்பதிலேயே பெரிய கூடாரம் வேண்டும், பக்கத்துக் கேம்ப்பில் இருப்பதைவிடப் பெரியது வேண்டும் என்றார்கள். அக்கா கேட்டார்: தூங்குவது எத்தனை பேர்? நான்கு. சமையல்காரர்? ஒருவர். பறவைகள்? ஆறு. கூடாரம் அடிக்க எத்தனை பேர்? இந்த ஐந்து பேரேதான். “இதைத் தூக்கி நிறுத்த எட்டுப் பேர் வேண்டும். காற்று அடித்தால் உங்கள் கையை விட்டுப் போய்விடும். இவ்வளவு பெரிய அறையில் ஐந்து பேர் மட்டும் படுத்தால் குளிரும் விடாது” என்றார். தூங்க நடுத்தரமாக ஒன்று, ஓரத்திலும் குனியாமல் நடக்கிற அளவுக்குச் சுவர் உயரம் வைத்து. பறவைகளுக்குச் சின்னதாக இன்னொன்று. சமையல் புகை பறவைகளுக்கு ஆகாது, அதனால் அடுப்பு இரண்டுக்கும் வெளியே, காற்று போகும் திசையில். மூத்தவர் முகம் சுருங்கினாலும் அப்படியே வாங்கிப்போனார். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து, மணற்காற்றில் பக்கத்துக் கேம்ப்பின் பெரிய கூடாரம் கிழிந்து விழுந்ததையும் தங்களுடையது நின்றதையும் சொல்லி, தம்பி குடும்பத்துக்கு ஒன்று வாங்கிப் போனார். மேனேஜர் அன்றைக்கும் பெரிதை விற்காததைப் பற்றித்தான் பேசினார்.

அதற்கு அடுத்த குளிர்காலத்துக்கு முன்பு லேபிள் மாறியது. நாலுக்கு நாலு மீட்டர் கூடாரத்தின் கதவோரம் ஒரு துணி லேபிள் தைப்போம். அதில் மூன்று வரி இருக்கும்: அளவு, ஆறு பேர், உள்ளே நெருப்பு வைக்கக் கூடாது. போட்டிக் கடைகள் அதே அளவைப் பத்துப் பேர் என்று விற்கின்றன, நாமும் அப்படியே போடுவோம் என்றார் மேனேஜர். துணியும் அதேதான், அளவும் அதேதான். ‘பத்து’ பெரிய எழுத்தில் வர வேண்டும் என்றதால் லேபிளில் மூன்றாவது வரிக்கு இடமில்லாமல் போனது. “அது மேனுவல்ல இருக்கு. விட்டுடு மாஸ்டர்” என்றார். நான் விட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் கிடங்கில் இருந்த எல்லாவற்றிலும் பழைய லேபிளைப் பிரித்துப் புதியதைத் தைத்தேன்.

அக்கா தையல் கூடத்துக்கு வந்து என் மெஷின் பக்கத்தில் நின்றார்.

“என்ன செய்யுத?”

“மேனேஜர் சொன்னார்க்கா.”

“அவரு சொல்லட்டும். நீ பத்து பேர இதுக்குள்ள போட்டுக் காட்டு, பாக்கேன்.”

“நான் தைக்கிற ஆள் அக்கா.”

“அதான் கேக்கேன். ஒன் கைதான தைக்குது?” என்றார். நான் மிதியை அழுத்தினேன். மெஷின் சத்தத்தில் அவர் அடுத்துச் சொன்னது கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்றுதான் அழுத்தினேன்.

அந்தக் கூடாரங்களில் ஒன்றைக் கோர்பக்கானிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாங்கியது. மூத்த மகன் ராஷித்தின் பெயரைச் சேர்த்து, கணவனை அபூ ராஷித் என்பார்கள், மனைவியை உம் ராஷித். பிள்ளைகளும் உறவுமாக ஒன்பது பேர். நான் அப்போது ஷோரூமில் ஒரு மாதிரிக் கூடாரத்தின் இழுகயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போலக் கயிறு போட்டார், உட்கார வைத்தார், இது உங்களுக்குப் போதாது என்றார். உள்ளே கரி அடுப்பு வைக்கவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். மேனேஜர் சிரித்துக்கொண்டே நடுவில் வந்து, லேபிளைத் திருப்பிக் காட்டி, “பத்துப் பேர், கம்பெனி கேரண்டி” என்றார். லேபிளில் அச்சடித்திருப்பதை நம்பாமல் விற்கிறவளின் பேச்சை யார் நம்புவார்கள்? வாங்கிப் போய்விட்டார்கள்.

இரண்டு வாரத்தில் அபூ ராஷித் தனியாக வந்தார். குளிருக்குக் கதவை மூடி, நடுவில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியிருக்கிறார்கள். இடம் போதாமல் மெத்தைகளைச் சுவரோரம் நெருக்கியதில், சுவரின் அடியில் காற்று வர நாங்கள் வைத்திருந்த திறப்புகள் எல்லாம் அடைபட்டு, கரியின் நச்சுவாயு உள்ளேயே தங்கிவிட்டது. விடிந்ததும் மனைவியையும் நடுப் பையனையும் எழுப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மனைவி அடுத்த நாள் கண் விழித்தார். பையனுக்கு ஒரு வாரம் ஆனது. இருவரும் பிழைத்தார்கள். அவர் கத்தவில்லை. லேபிளைக் கத்திரித்து எடுத்து வந்திருந்தார். அதை மேஜையில் வைத்து, “யார் எழுதியது?” என்று மட்டும் கேட்டார்.

அவரை அனுப்பிவிட்டு மேனேஜர் ஒரு கடிதம் தயார் செய்தார். விற்பனை ஊழியர் வாடிக்கையாளரை எச்சரிக்கத் தவறிவிட்டார் என்று அதில் இருந்தது. அக்கா கையெழுத்துப் போட வேண்டும். “நான் சொன்னேன். இவன் பக்கத்துலதான் நின்னான், கேளுங்க” என்று அக்கா என்னைக் காட்டினார். மேனேஜர் என்னைப் பார்த்தார். “மாஸ்டர், நீ கேட்டியா?”

என் விசா புதுப்பிக்க இரண்டு மாதம் இருந்தது. அந்த லேபிளைத் தைத்தது நான். இவற்றைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த நொடியில் என் தலைக்குள் இருந்தது இவைதான் என்று சொல்கிறேன். “நான் உள்ள மெஷின்ல இருந்தேன் சார். கேக்கல” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். “சீ” என்றார். கையெழுத்துப் போடவில்லை. ஒரு மாதத்தில் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பினார்கள். நாங்கள் யாரும் விமான நிலையத்துக்குப் போகவில்லை. லேபிள் மாறவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு குளிர்காலம் நான் அதையே தைத்தேன். என்மேல் எனக்குள்ள அருவருப்பு எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால், அந்தப் பொய்யைச் சொன்ன நாளில் அல்ல. மறுநாள் காலை அதே மெஷினில் உட்கார்ந்தபோது ஒரு தையல்கூடப் பிசகவில்லை. அன்றுதான்.

போன வருடம் அங்கிருந்து விலகி இந்தத் திரைச்சீலைக் கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அக்காவுக்குப் போன் செய்தேன். விலகிவிட்டேன் என்றேன்.

“இப்பமா?” என்றார்.

“என்ன மன்னிச்சிடுங்கக்கா.”

“அத எங்கிட்ட ஏன் கேக்க? அந்தக் கோர்பக்கான் பொம்பளகிட்ட கேளு. நம்பர் சொல்லுதேன், எழுதிக்கோ.” எதையும் தேடாமல், ஒவ்வோர் எண்ணாக நிறுத்திச் சொன்னார். எழுதிக்கொண்டேன். “என்மேல கோவமாக்கா?” என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. “ஆமா. கோவந்தான். அது போவாது, போவணும்னும் இல்ல. அடுப்புல கொழம்பு இருக்கு, வைக்கேன்” என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அந்த எண்ணை நான் ஒரு வருடம் கூப்பிடவில்லை.

அஞ்சலிக் கூட்டத்திலிருந்து திரும்பிய மாலை கூப்பிட்டேன். அபூ ராஷித் எடுத்தார். கூடாரக் கம்பெனியில் ஸ்டெல்லாவோடு வேலை பார்த்தவன் என்று ஹிந்தியில் சொன்னதும் மனைவியிடம் கொடுத்தார். உம் ராஷித் கேட்டார்: “கண்ணாடி போட்ட அந்த அம்மாவா? குளிர் ஆரம்பித்தால் போன் செய்வாளே. பையனுக்கு இன்னும் தலைவலி வருகிறதா, படிக்கிறானா என்று கேட்பாள். இந்த வருடம் ஏன் இன்னும் கூப்பிடவில்லை?”

இறந்துவிட்டார் என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவர் மெல்லிய குரலில் அவருக்காக வேண்டிக்கொள்வது கேட்டது. முடித்ததும், அந்தத் துணியில் பத்துப் பேர் என்று தைத்தது நான்தான் என்று சொன்னேன்.

“அது தப்பாக எழுதியது என்று தெரியும். அவள் முதல் போனிலேயே சொன்னாள்” என்றார் உம் ராஷித். “யார் பெயரையும் சொல்லவில்லை. நாங்கள் தப்பாக எழுதிவிட்டோம் என்றாள்.”

நாங்கள். அந்த லேபிளை எதிர்த்த ஒரே ஆள் சொன்னது அது. எங்களால் வேலை போய் ஊருக்குத் திரும்பிய பிறகு, அங்கிருந்து தன் செலவில் போன் செய்து சொன்னது. அதைக் கேட்டபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, உடம்பெல்லாம் கூசியது. என்னை மன்னிக்காமலேயே அவர் போயிருக்கிறார், அது நியாயம்தான். ஆனால் உம் ராஷித்தின் முன்னால் தன்னையும் எங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொண்டிருக்கிறார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல். இனி ஒவ்வொரு குளிருக்கும் கோர்பக்கானுக்குப் போன் செய்ய வேண்டியது நான்.