ஏழு போட்ட குரலுக்கு நாலு

அந்த அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் சம்பளப் பிரிவில் மட்டும்தான் இருந்தார்கள். மற்ற எல்லாருக்கும் அவள் 'தராசு'. இருபத்துநான்கு வருஷமாக ஒரே மேசை, ஒரே ஜன்னல். ஹெட்போன் மட்டும் நாலாவது. காலை ஒன்பது மணிக்கு அதைத் தலையில் மாட்டினால், பக்கத்தில் கட்டிடம் இடிந்தாலும் திரும்ப மாட்டாள் என்பார்கள்.

வேலை இதுதான். வேறு தேசத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போக நினைக்கிறவர்கள் ஆங்கிலம் பேசத் தெரியும் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். எங்கெங்கோ பரீட்சை நடக்கும். அங்கே பேசியதைப் பதிவு செய்து இங்கே அனுப்புவார்கள். ஒவ்வொரு குரலையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு ஒன்பதுக்கு மதிப்பெண் போடுவார்கள். ஏழு வந்தால் கதவு திறக்கும். நாலு வந்தால் வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த வருஷம் வர வேண்டியதுதான். தராசு போடுகிற மதிப்பெண்ணும் இன்னொருவர் போடுவதும் அநேகமாக ஒத்துப்போகும். அதனால் வந்த பெயர் அது.

பேசுகிறவர்களுக்கு ஒரு படம் காட்டுவார்கள். நாலைந்து படங்கள்தான், மாற்றி மாற்றி வரும். அதில் பழைய படம் ஒன்று: மழை, ஒரு பஸ் நிறுத்தம், ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆள், பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய். ஒரு நிமிஷம் அதைப் பற்றிப் பேச வேண்டும். அந்த நாயை எத்தனை தேசத்து ஆங்கிலத்தில் கேட்டிருப்பாள்! தீவுக்காரர்கள் அதைப் பாட்டாகவே பாடிவிடுவார்கள். குளிர் தேசத்துக்காரர்கள் செங்கல் அடுக்குவது போல ஒவ்வொரு சொல்லாக வைத்து, நடுவில் சாந்து பூச நேரம் எடுத்துக்கொள்வார்கள். சிலர் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு ஏப்பம் விடுவார்கள். சிலர் நாக்கில் கூழாங்கல்லை உருட்டுவார்கள். குரலை வைத்தே ஆள் எந்தப் பக்கம், என்ன படிப்பு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவரா என்பது வரைக்கும் அவளால் சொல்லிவிட முடியும்.

"தராசம்மா, இந்த ஆளு எந்த ஊரு சொல்லுங்க பாப்போம்" என்று பக்கத்து மேசைக்காரர் தன் ஹெட்போனை நீட்டுவார். வெயில் காலத்திலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வருகிற மனிதர். அதனால் அவர் பெயரே மஃப்ளர்.

"ஊரு தெரியல. ஆனா வாத்தியாரு. கேக்கறவனெல்லாம் முட்டாள்ங்கற மாதிரியே பேசறாரு பாருங்க."

"அப்ப நம்ம மேடத்துக்குச் சொந்தக்காரரு" என்பார் மஃப்ளர். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அவள் பேசுகிற ஆங்கிலம் இந்த ஊருடையது. பிறவியில் வந்ததில்லை. பதினாறு வயதில், குடும்பத்தோடு இங்கே வந்து இறங்கியபோது அவளும் அவள் அக்காவும் பேசியது அப்பாவின் ஆங்கிலம். அப்பா ஊரிலும், பிறகு இங்கேயும் பார்சல் அலுவலகத்தில் மூட்டை பிரிக்கிற வேலையில் இருந்தவர். பெண்களுக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்று அவருக்கு வெறி. புத்தகம் வாங்க வழியில்லாமல், பார்சல் பெட்டிகளோடு வந்து கழன்று விழுகிற விளக்கத் தாள்களைக் கொண்டுவருவார். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, இருமல் மருந்து. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு இரண்டு பேரும் சத்தமாகப் படிக்க வேண்டும். அதனாலேயே அக்காவும் தங்கையும் ரொம்ப நாள் யாரிடம் பேசினாலும் கட்டளை போடுவது போலவே பேசினார்கள். வகுப்பில் ஒரு பெண் பேனா கேட்டதற்கு, உபயோகித்த பின் உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று அக்கா சொன்ன கதையை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சிரிப்புக்குப் பின்னால் வேறு கதைகளும் உண்டு. கடையில் இவர்கள் வாயைத் திறந்ததும் கடைக்காரி குரலை உயர்த்தி, செவிடர்களிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். அதைச் சொல்லிச் சிரித்ததில்லை.

அந்த ஆங்கிலத்தை அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவித் தள்ளினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் பேச்சை உதடு அசையாமல் திருப்பிச் சொல்லிப் பழகினாள். இப்போது போனில் பேசினால் யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. வேறு தேசத்தில் இருக்கிற அக்கா மட்டும் விட மாட்டாள். "என்னடி, மூக்கடைச்சவ மாதிரி பேசற? நம்ம இங்கிலீஷ எங்கடி வித்த?" என்பாள்.

"நீ இன்னும் இஸ்திரிப்பெட்டி மாதிரியே பேசிட்டிரு" என்பாள் இவள்.

வருஷத்துக்கு ஒரு முறை 'காது பார்க்கிற வாரம்' வரும். அந்தப் பெயரும் மஃப்ளர் வைத்ததுதான். இதற்கென்றே கிடங்கில் தனியாகப் பூட்டி வைத்திருக்கிற, ஏற்கெனவே மதிப்பெண் போட்டு முடிந்த பழைய நாடாக்களில் பத்தை எடுத்து, கணினியில் ஏற்றி, புதிய குரல்களுக்கு நடுவில் சொல்லாமல் கலந்துவிடுவார்கள். பழைய மதிப்பெண்ணுக்கும் இப்போது போடுவதற்கும் வித்தியாசம் இரண்டுக்கு மேல் போனால், ஏன் என்று எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அஞ்சல் பிரிவுக்குப் போக வேண்டும். தராசுக்கு ஒரு தடவைகூட விளக்கம் எழுத வேண்டி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்த நாற்காலியை விட்டால் இந்த ஊரில் தனக்கு வேறு என்ன இருக்கிறது என்ற பயமும் உண்டு.

இந்த வருஷம் மேடம் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க. ஒண்ணே ஒண்ணுதான். பழைய நாடா. அப்ப ரெண்டு பேருமே ஏழு போட்டிருக்காங்க. நீங்க நாலு."

"நாலா? நானா?"

"நீங்க எழுதின குறிப்பு இது." மேடம் தாளைத் திருப்பிக் காட்டினார். உச்சரிப்பு சீராக இல்லை, கேட்பவருக்குச் சிரமம் என்று அவளுடைய எழுத்திலேயே இருந்தது.

வெளியே வந்ததும் மஃப்ளர் எட்டிப் பிடித்தார். "இதுக்குப் போயி முகத்த தொங்கப் போடறீங்களே! நாடா தேஞ்சு போச்சு, இரைச்சல்னு ரெண்டு வரி எழுதித் தள்ளுங்க. நான் அப்படித்தான் மூணு வருஷம் ஓட்டினேன்."

எழுதுவதற்கு முன் இன்னொரு தடவை கேட்டுவிடலாம் என்று அவள் உட்கார்ந்தாள். ஏணி ஆள் படம்தான். ஒரு பெண் குரல், சின்ன வயது. இரைச்சல் இருந்தது, ஆனால் சொல் ஒன்றும் மறைக்கவில்லை. மழை, ஏணி, நாய், எல்லாம் வரிசையாக வந்தது. வாக்கியம் ஒவ்வொன்றும் ஆணி அடித்தது போல முடிந்தது. ஒரு நிமிஷம் முடிந்ததற்கான மணி நாடாவில் அடித்தது. வழக்கமாக மணியோடு அவள் கை தானாகவே நிறுத்திவிடும். அதற்குப் பிறகு மதிப்பெண் போட எதுவும் இருக்காது. அன்றைக்கு யோசனையில் விட்டுவிட்டாள். பரீட்சை எடுத்தவரும் அன்று இயந்திரத்தை நிறுத்த மறந்திருக்க வேண்டும்.

நாற்காலி இழுபடும் சத்தம். நன்றி சொல்கிற அந்தப் பெண் குரல். கதவு திறந்தது. வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"முடிஞ்சுதா பாப்பா? இந்தா, தண்ணி குடி."

அவ்வளவுதான். நாடா அறுந்தது போல நின்றது.

அது அப்பா குரல். அப்பா போய்ப் பதினொரு வருஷம். வீட்டில் அவர் குரல் எதிலும் பதிவாகவில்லை. அக்கா கல்யாண வீடியோவில்கூட அவர் வாயைத் திறக்காமல் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பார். பாப்பா என்று அவளைக் கூப்பிட்ட ஒரே ஆள். இந்த வேலையில் சேர வருகிறவர்களும் அதே பரீட்சையில் ஏழு வாங்க வேண்டும் என்பது விதி. அவள் பரீட்சைக்குப் போன அன்றைக்கு அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு, பார்சல் தூசி படிந்த சட்டையோடு, கையில் தண்ணீர் பாட்டிலோடு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாட்டிலுக்கு மூடி தொலைந்துபோய், வாயில் ஒரு துணியைச் செருகியிருந்தார். அது கூட ஞாபகம் வந்தது. அந்தக் குரல் தன்னுடையது என்பது மட்டும் வரவில்லை. மறுபடி மறுபடி கேட்டாள். யாரோ ஒரு பெண், நன்றாகப் படிக்கிற பெண், இஸ்திரிப்பெட்டிகளின் ஆங்கிலத்தில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா குரலா? நிஜமாவா? எனக்கும் கேக்க வைடி!"

"வெளிய எடுத்துட்டு வரக் கூடாதுக்கா."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "அது சரி, உனக்கே நாலு போட்டியா? உருப்பட்ட பொண்ணுடி நீ. நான் பேசியிருந்தா மூணு போட்டிருப்ப" என்றாள்.

சிரிப்பாகத்தான் சொன்னாள். தராசுக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கேட்பவருக்குச் சிரமம் என்று எழுதியிருந்தாளே, எந்தக் கேட்பவருக்கு? அவளுக்கு ஒரு சொல்லும் சிரமமில்லை. கடைக்காரிக்குச் சிரமமாக இருக்கும் என்று நினைத்து அவளுக்காகக் குறைத்திருக்கிறாள். ஒரு நாடாவுக்கு இப்படி என்றால் இருபத்துநான்கு வருஷத்தில்?

மறுநாள் மேடத்தின் அறையில் நின்றாள்.

"அது என் குரல் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "அப்படின்னா பிரச்சினையே இல்லையே! தெரிஞ்சவங்க குரலுக்குப் போட்ட மார்க் செல்லாதுன்னு விதி இருக்கு. இந்த நாடாவையே எடுத்துடலாம். போயி வேலையப் பாருங்க."

கதவு வரைக்கும் போய்விட்டாள். கைப்பிடியையும் பிடித்துவிட்டாள். திரும்பினாள்.

"போடும்போது தெரியாது மேடம். யாரோன்னு நெனச்சுத்தான் போட்டேன். அதனால செல்லும்."

"இப்ப என்ன சொல்ல வர்றீங்க?"

"எங்க பக்கத்து ஆளுங்க பேசினதுக்கெல்லாம் நான் போட்ட மார்க்க வேற யாராவது திரும்பக் கேக்கணும்."

"ரெண்டு பேருதானே போடறோம்? நீங்க தனியாவா போட்டீங்க?"

"மத்தவங்க ரெண்டாவதா கேக்கறப்ப, தராசு போட்டிருந்தா அதையே பாத்துப் போட்டுடறாங்க மேடம். உங்களுக்கும் தெரியும்."

மேடம் ஜன்னலைப் பார்த்தார். அது அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வாயைத் திறக்காத விஷயம். "எழுதிக் குடுத்தா உங்க சீட்டு போயிடும். யோசிச்சுக்கோங்க."

எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கம்தான். மஃப்ளர் படித்துவிட்டு, "உங்களோட சேந்து எங்க எல்லாரு தலையையும் உருட்டியாச்சு" என்று முனகினார். ஆனால் திரும்பக் கேட்கிறவர்கள் பட்டியலில் முதல் ஆளாகத் தன் பெயரை அவர்தான் கொடுத்தார்.

காது பார்க்க ஒதுக்கியவை போக, கிடங்கில் மிஞ்சியிருந்தது கடைசி ஒன்பது வருஷத்து நாடாக்கள். அதில் இருநூற்றுப் பதினான்கு குரல்கள். ஆறு வாரம் ஆயிற்று. முப்பத்தெட்டுப் பேருக்கு மதிப்பெண் ஏறியது, அதில் பதினேழு பேருக்கு ஏழு. தராசை அஞ்சல் பிரிவுக்கு மாற்றி உத்தரவு வந்தது. அந்தப் பதினேழு கடிதங்களையும் அவளே தட்டச்சு செய்து, அவளே உறையில் போட்டாள். விசாரிக்க வேண்டிய தொலைபேசி எண் என்ற இடத்தில் தன் மேசை எண்ணைப் போட்டாள்.

ஏழு கடிதங்கள் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. மூன்று பேர் நன்றி எழுதினார்கள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. எடுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதே ஆங்கிலம். வாக்கியத்தின் முடிவில் ஆணி அடிக்கிற அதே பழக்கம். பின்னால் ஏதோ இயந்திரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"எட்டு வருஷம் கழிச்சு ஏழுன்னு ஒரு தாள் அனுப்பியிருக்கீங்க. நர்ஸ் வேலைக்குப் போகக் கேட்டது அது. இப்ப எனக்கு நாப்பத்தாறு வயசு, சலவைக் கடை வெச்சிருக்கேன். ஃப்ரேம் போட்டுக் கடையில மாட்டிக்கட்டுமா?"

"மன்னிக்கணும்ங்க."

"உங்கள எதுக்குங்க மன்னிக்கணும்? நீங்க போன் எடுக்கறவங்க. அன்னிக்கு நாலு போட்ட புண்ணியவதி யாருன்னு மட்டும் சொல்லுங்க."

பெயர் சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. தராசு ஒயரை விரலில் சுற்றினாள்.

"நான்தாங்க."

அந்தப் பக்கம் துணிக்கூடை தொப்பென்று தரையில் விழுந்தது.

"நான் பேசினது புரியலையா உங்களுக்கு?"

"ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது."

"பின்ன ஏன்?"

தராசு வாயைத் திறந்தாள். இத்தனை வருஷமாகப் பழகிய, எந்த ஊர் என்று யாரும் கேட்காத அந்த ஆங்கிலத்தில் இதற்குப் பதில் எதுவும் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பாவின் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அது கொஞ்சம் பெரிய கதைங்க."

"சொல்லுங்க" என்றாள் சலவைக்கடைக்காரி. கோபம் போகவில்லை, ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. "துணி காய இன்னும் நாப்பது நிமிஷம் ஆகும்."