காற்றுக் கருவிக்கு ஓர் உறை

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம். சுவிஸில், துன் ஏரிக்கரையில் வாகனங்களோடு வந்து தங்குகிறவர்களுக்கான திடலில் எனக்கு வேலை. எங்கள் முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. அடக்கம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, மனைவியும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வாறன். தனிய இருக்கேலாது."

"ஓம், வாரும்."

அந்த நாட்களில் எங்களுக்கு அழுகைகூட வரவில்லை.

திடலில் ஒரு வயதான சுவிஸ் பெண்மணி தங்கியிருந்தார். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வோன்மொபில் வாகனம் அவருடையது. பக்கவாட்டில் மோட்டாரில் விரியும் நிழற்துணி. பலத்த காற்றில் அது கிழியாமல் தானே சுருள்வதற்காக, கூரை ஓரத்தில் காற்றை உணரும் கருவி இருந்தது. சுழலும் மூன்று சின்னக் கிண்ணங்கள்.

"இலை அசைந்தாலே துணி உள்ளே போய்விடுகிறது. நிம்மதியாகத் தேநீர் குடிக்க முடியவில்லை," என்றார்.

மனைவி ஏணியைப் பிடித்தாள். கிண்ணங்களில் பழுதில்லை. கதவருகே இருந்த பெட்டியைத் திறந்தால், எவ்வளவு காற்றுக்குத் துணி சுருளவேண்டும் என்று வைக்கும் திருகு மிகக் குறைந்த அளவில் நின்றது. கூட்டிவிட்டு ஏறி, கிண்ணங்களை விரலால் வேகமாகச் சுற்றினேன். துணி அசையவில்லை. கூட்டியது அதிகம். இறங்கிக் கொஞ்சம் குறைத்தேன். இம்முறை மெல்லச் சுற்றினால் பேசாமல் நின்றது, பலமாகச் சுற்றினால் சுருண்டது.

குளிர்காலம் முழுக்க வாகனம் வெளியேதான் நிற்குமாம். பனி உறைந்தால் கிண்ணங்களில் வெடிப்பு விழலாம், உறை போடுவது நல்லது என்றேன்.

"நான் தைக்கிறன்," என்றாள் மனைவி.

மறுநாள் கொண்டுவந்தாள். வெளியே பழைய மழைக்கோட்டுத் துணி, உள்ளே மெத்தென்ற மஞ்சள் பிளனல் துணி, கட்டுவதற்கு நாடா. அது பிள்ளைக்கென்று வாங்கிய பிளனல். நான் ஏறி மாட்டி, நாடாவை முடிந்தேன்.

பெண்மணி சிரித்தார். "குழந்தைத் தொப்பி மாதிரியே இருக்கிறது! உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?"

"இல்லை," என்றாள் மனைவி ஜேர்மன் மொழியில். மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொன்னது போல இருந்தது.

"வசந்தத்தில் துணியை விரிக்க முன் உறையைக் கழற்றிவிடுங்கள்," என்றேன் நான். "மூடியிருந்தால் காற்றடிப்பது கருவிக்குத் தெரியாது."

அவர் தலையாட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி கேட்டாள், "வீட்டில மரக்கறி இருக்கோ?"

"இல்லை."

"அப்ப கடையடியில இறங்குவம்."

முட்டைக்கோவாவும் கரட்டும் வாங்கினோம். அடுத்த திங்கட்கிழமை அவள் தன் பழைய ஹோட்டல் சலவை வேலைக்குத் திரும்பிப் போனாள்.